போர் தண்ணீருக்கு மோட்டார் வாங்கும் முன்: இன்ச், எல்.பி.எம்., எல்.பி.எச்., கியூசெக் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவருவது எப்படி

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டவர் தண்ணீரை இன்ச்சில் சொல்வார். மோட்டார் கடைக்குப் போனால் அதே தண்ணீர் எல்.பி.எம். ஆகிவிடும். சொட்டுநீர் கம்பெனிக்காரர் எல்.பி.எச். என்பார், தண்ணீரை வடிகட்டும் பில்டர் மேல் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று அச்சடித்திருக்கும், மோட்டாரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து பெயர்த் தகட்டைப் பார்த்தால் அதில் எல்.பி.எஸ். என்று இன்னொன்று இருக்கும். இவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் இந்தக் காகிதங்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் பொருத்திப் பார்க்கிற வேலையை யாரும் நமக்காகச் செய்வதில்லை. எங்கள் தோட்டத்துக்காக நான் இதில் நிறைய அலைந்துவிட்டேன். நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வேண்டியது ஒரு பேனா, போன் கால்குலேட்டர், ஒரு டிரம். அவ்வளவுதான்.

1. ஒரே அளவைத் தேர்ந்தெடுங்கள்

நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், அதாவது எல்.பி.எம்., இதையே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கடைகளில் பெரும்பாலும் இதுதான் புழங்குகிறது, டிரம் வைத்து நாமே அளக்கவும் இதுதான் வசதி. யார் எந்த அளவில் சொன்னாலும் உடனே இதற்கு மாற்றி எழுதிவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கடையில் நிற்கும்போது தலை சுற்றும்.

எல்.பி.எச்., அதாவது மணிக்கு லிட்டர் என்றால் 60-ஆல் வகுக்க வேண்டும். 6,000 எல்.பி.எச். என்பது 100 எல்.பி.எம்.
எல்.பி.எஸ்., அதாவது நொடிக்கு லிட்டர் என்றால் 60-ஆல் பெருக்க வேண்டும். 1.67 எல்.பி.எஸ். என்பதும் அதே 100 எல்.பி.எம். தான்.
மணிக்குக் கன மீட்டர் என்றால் 16.67-ஆல் பெருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர், அதை 60-ஆல் வகுத்தால் வருவதுதான் இந்த 16.67. ஆக, மணிக்கு 6 கன மீட்டர் என்றால் 100 எல்.பி.எம்.
எம்.எல்.டி. என்று குடிநீர்த் திட்டங்களில் வரும். நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர். அது 694 எல்.பி.எம்., தோட்டக்காரருக்குத் தேவைப்படாது, தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது லிட்டரை அல்ல, நேரத்தை. "ஆறாயிரம் லிட்டர் வரும்" என்று ஒருவர் சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. மணிக்கா, நாளைக்கா என்று கேட்டுவிடுங்கள். மணிக்கு என்றால் 100 எல்.பி.எம்., நாள் முழுவதற்கும் என்றால் 4 எல்.பி.எம். சொச்சம்தான்.

2. போர்க்காரரின் இன்ச்சை எழுத்தில் வாங்குங்கள்

பெரிய குழப்பமே இங்கேதான். "மூணு இன்ச் தண்ணிங்ணா, தைரியமா மோட்டார் இறக்குங்க" என்பார். கேட்க நன்றாக இருக்கும். எந்த மூன்று இன்ச்?

சிலர் மூன்று இன்ச் குழாய் நிறைய ஊற்றும் அளவு என்ற பொருளில் சொல்வார்கள். சிலர் காற்றடித்துத் தண்ணீரை வெளியே தள்ளும் கம்ப்ரஸர் ஓடும்போது பீறிட்டு வருவதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். முறையாகச் செய்பவர்கள், வெளியே வரும் தண்ணீரை ஒரு தகரப் பெட்டிக்குள் விட்டு, அதன் ஒரு பக்கத்தில் வெட்டியிருக்கும் வி வடிவ வாயில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளப்பார்கள். இதை வி-நாட்ச் என்பார்கள். இந்த மூன்றில் கணக்குப் போட முடிவது இந்தக் கடைசி இன்ச் ஒன்றில்தான்.

90 டிகிரி வி-நாட்ச் என்றால் ஏறத்தாழ இப்படி வரும்:

1 இன்ச்: 8.5 எல்.பி.எம்.
1½ இன்ச்: 23 எல்.பி.எம்.
2 இன்ச்: 48 எல்.பி.எம்.
2½ இன்ச்: 84 எல்.பி.எம்.
3 இன்ச்: 133 எல்.பி.எம்.
4 இன்ச்: 272 எல்.பி.எம்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஒரு இன்ச் இரண்டு இன்ச் ஆனால் தண்ணீர் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது. வாய் மேலே போகப் போக அகலமாவதால் வரும் வித்தியாசம் இது. அதனால் "ரெண்டேகாலோ ரெண்டரையோ இருக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை ஏற்காதீர்கள். அந்தக் கால் இன்ச்சில் ஏறத்தாழ 20 எல்.பி.எம். போய்விடும், அது ஒரு சின்ன வீட்டு மோட்டாரின் தண்ணீர். பெட்டியில் உயரத்தை அளக்கும்போது தண்ணீர் வழிந்து விழும் விளிம்பில் ஸ்கேலை வைக்கக் கூடாது, அங்கே மட்டம் சரிந்து குறைவாகக் காட்டும். பெட்டிக்குள் சற்று உள்ளே தள்ளி, வாயின் அடி முனையிலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். நாட்ச் 90 டிகிரிதானா என்றும் கேளுங்கள், 60 டிகிரி என்றால் மேலே உள்ள எண்கள் பொருந்தாது.

கையில் பணத்தைக் கொடுக்கும் முன் பில்லின் பின்பக்கத்திலாவது இதை எழுதி வாங்குங்கள்: மொத்த ஆழம், கேஸிங் (போருக்குள் இறக்கிய காப்புக் குழாய்) எத்தனை அடி, எந்த ஆழத்தில் தண்ணீர் கண்டது, நாட்ச்சில் எத்தனை இன்ச், எவ்வளவு நேரம் அந்த அளவு நிலையாக வந்தது. இதில் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வராமல் இழுப்பார்கள், விடாதீர்கள். கம்ப்ரஸர் ஓடிய முதல் சில நிமிடத் தண்ணீர் போருக்குள் ஏற்கெனவே தேங்கி நின்றது. ஊற்று என்பது அது தீர்ந்த பிறகு வருவது.

3. டிரம் வைத்து நீங்களே அளந்து பாருங்கள்

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, போனில் ஸ்டாப்வாட்ச். டிரம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். லிட்டரை 60-ஆல் பெருக்கி நொடியால் வகுத்தால் எல்.பி.எம். 200 லிட்டர் 90 நொடியில் நிறைந்தால் 133. இரண்டு நிமிடம் ஆனால் 100.

சின்ன வாளியில் செய்ய வேண்டாம். 20 லிட்டர் பெயின்ட் வாளி இந்த வேகத்தில் 9 நொடியில் நிறைந்துவிடும், நீங்கள் ஒரு நொடி தாமதமாகப் பொத்தானை அழுத்தினால் 13 எல்.பி.எம். குறைந்துவிடும். 200 லிட்டர் டிரம் என்பார்களே தவிர விளிம்பு வரை ஊற்றினால் கொஞ்சம் கூடவே பிடிக்கும், அதனால் ஒரு முறை அளந்து ஊற்றி 200-க்குக் கோடு போட்டுக்கொள்வது நல்லது.

பக்கத்துத் தோட்டத்தில் வாடகை மோட்டாரோ பழைய மோட்டாரோ கிடைத்தால் இறக்கி, குறைந்தது சில மணி நேரம் ஓடவிட்டு, ஆரம்பத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, நிறுத்தும் முன் ஒரு முறை அளக்கலாம். கடைசி எண்தான் உங்கள் எண். ஐப்பசி மழை முடிந்த கையோடு அளந்த கணக்கை வைத்துச் சித்திரையில் மோட்டார் ஓட்ட முடியாது. அளப்பதே கோடையில் என்றால் நிம்மதி.

4. மோட்டார் கடையில்: ஹெட் சொல்லாத எல்.பி.எம்.க்கு மதிப்பில்லை

கடைக்காரர் காட்டும் காகிதத்தில் "அதிகபட்ச டிஸ்சார்ஜ் இத்தனை, அதிகபட்ச ஹெட் இத்தனை" என்று பெரிய எழுத்தில் இருக்கும். டிஸ்சார்ஜ் என்பது வெளியே வரும் தண்ணீர், ஹெட் என்பது அதை ஏற்றும் உயரம். இந்த இரண்டிலும் அதிகபட்சம் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. தண்ணீர் அதிகமாக வரும்போது ஏற்றும் உயரம் குறையும், உயரம் கூடினால் தண்ணீர் குறையும். அதிகபட்ச உயரத்தில் ஒரு சொட்டுகூட வெளியே வராது. நீங்கள் கேட்க வேண்டியது உள்ளே இருக்கும் அட்டவணை: இந்த ஹெட்டில் எத்தனை எல்.பி.எம்.? அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், காட்ட மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

உங்கள் ஹெட்டைக் கணக்கிட, மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எந்த ஆழத்துக்கு இறங்கி நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், மோட்டார் தொங்கும் ஆழத்தை அல்ல. 300 அடி என்றால் 91 மீட்டர், ஒரு மீட்டர் 3.28 அடி. அதோடு சொட்டுநீருக்கும் பில்டருக்கும் வேண்டிய அழுத்தம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்றால் 10 மீட்டர் ஹெட், இரண்டு கிலோ என்றால் 20. பைப்பின் உராய்வுக்குக் கொஞ்சம். ஆக, 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் சில கம்பெனிகள் ஹெட்டை அடியிலும் சில மீட்டரிலும் போடுவார்கள், இரண்டு பத்திகளும் அருகருகே இருக்கும். அவசரத்தில் அடிப் பத்தியில் 120-ஐத் தேடி மோட்டார் எடுத்தால், அந்த மோட்டார் உங்கள் போரில் வெறும் சத்தம் மட்டும்தான் போடும்.

ஊற்று 133 எல்.பி.எம். என்றால் அதே 133-க்கு மோட்டார் எடுக்காதீர்கள். கோடையில் ஊற்று குறையும், மோட்டார் காற்று வாங்கும். நான் 100 எல்.பி.எம். போதும் என்று முடிவு செய்தேன். அவரவர் போரைப் பொறுத்தது என்றாலும் முக்கால் பங்கு என்பது நியாயமான கணக்கு. டிரை ரன் பாதுகாப்பு (தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்துவது) உள்ள ஸ்டார்ட்டர் எதற்கும் இருக்கட்டும்.

5. கடையில் நின்றபடியே சரிபார்க்க

எல்.பி.எம்.ஐ 60-ஆல் வகுத்து எல்.பி.எஸ். ஆக்குங்கள், மீட்டரில் உள்ள ஹெட்டால் பெருக்கி 75-ஆல் வகுங்கள். தண்ணீரைத் தூக்க மட்டும் வேண்டிய எச்.பி. இது.

100 எல்.பி.எம்., 120 மீட்டர்: 1.67 × 120 ÷ 75 = 2.67 எச்.பி.

பம்ப் எடுத்துக்கொள்ளும் சக்தியில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோதான் தண்ணீராக மாறும். ஆகவே இதற்கு 5 எச்.பி. என்பது பொருத்தம். இப்போது ஒருவர் வந்து "5 எச்.பி.யே 120 மீட்டர்ல 200 எல்.பி.எம். அடிக்கும்" என்றால்? கணக்குப் போட்டால் 5.33 வருகிறது. தண்ணீர் தூக்கவே மோட்டாரின் முழுத் திறனைவிட அதிகம் வேண்டும் என்றால் அது நடக்காத காரியம். அவர் எல்.பி.எம்.ஐயும் ஹெட்டையும் வெவ்வேறு வரிசையிலிருந்து எடுத்துச் சொல்கிறார் என்று அர்த்தம். சண்டை போட வேண்டாம், அட்டவணையை எடுத்து விரலை வைத்துக் காட்டச் சொன்னால் போதும்.

பெயர்த் தகட்டில் ஐ.எஸ். 8034 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நீர்மூழ்கி பம்புகளுக்கான இந்தியத் தர எண் அது. தகட்டில் டிஸ்சார்ஜ் எல்.பி.எஸ்.ஸில் இருந்தால் 60-ஆல் பெருக்கி, கொட்டேஷனில் உள்ள எல்.பி.எம்.உடன் பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

6. சொட்டுநீர்: சின்ன எண்கள் சேர்ந்து பெரிதாகும்

செடிக்குத் தண்ணீர் சொட்டும் டிரிப்பர் ஒன்று 4 எல்.பி.எச். என்றால் அற்பமாகத் தெரியும். காய்கறிக்கு நான்கு அடிக்கு ஒரு லேட்டரல் (டிரிப்பர் மாட்டும் சிறு குழாய்), இரண்டு அடிக்கு ஒரு டிரிப்பர் என்று வைத்தால் ஓர் ஏக்கருக்கு, அதாவது 43,560 சதுர அடிக்கு, 5,445 டிரிப்பர். நான்கால் பெருக்கினால் 21,780 எல்.பி.எச்., 60-ஆல் வகுத்தால் 363 எல்.பி.எம். நம் மோட்டாரோ 100. ஆகவே ஓர் ஏக்கரை நான்கு பிரிவாக்கி, வால்வு வைத்து மாற்றி மாற்றித்தான் விட வேண்டும். கம்பெனியின் டிசைன் காகிதத்தில் ஒரு பிரிவுக்கு எத்தனை எல்.பி.எச். என்று எழுதியிருப்பார்கள், அது உங்கள் மோட்டாரின் 6,000-க்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தாண்டினால் கடைசி வரிசைச் செடிகள் காயும், டிரிப்பர் அடைத்துவிட்டது என்று நினைத்து ஆசிட் விட்டுக்கொண்டிருப்பீர்கள்.

தென்னைக்கு நிலைமை நேர் எதிர். 25 அடிக்கு 25 அடி என்றால் ஏக்கருக்கு 70 மரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மரத்துக்கு 8 எல்.பி.எச். டிரிப்பர் நான்கு வைத்தாலும் 2,240 எல்.பி.எச்., வெறும் 37 எல்.பி.எம். இங்கே ஓர் ஏக்கரை மட்டும் திறந்துவிட்டு 100 எல்.பி.எம். மோட்டாரை ஓட்டினால் அழுத்தம் ஏறி ஜாயின்ட் கழன்றுகொள்ளும். இரண்டரை ஏக்கரைச் சேர்த்து ஒரே பிரிவாக்குவதுதான் சரி.

7. பில்டரும் கேலனும்

மணல் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் பில்டரில் மணிக்கு 25 கன மீட்டர் என்று போட்டிருந்தால் அது 417 எல்.பி.எம். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. உள்ளே தண்ணீர் வேகமாகச் சுழன்றால்தான் மணல் பிரியும், 100 எல்.பி.எம். விட்டால் மணல் அப்படியே வெளியே போய்விடும். உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற அளவைக் கேட்டு வாங்குங்கள்.

இறக்குமதிச் சாமான்களிலும் ஆர்.ஓ. கருவிகளிலும் கேலன் வரும். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு. பழைய போர் ரிப்போர்ட்டில் மணிக்கு இத்தனை கேலன் என்று இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் கேலன், அமேசானில் வாங்கும் பொருளில் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கக் கேலன். போனில் மாற்றிப் பார்க்கும்போது எந்தக் கேலன் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள், தானாக வருவது அமெரிக்கக் கேலனாகவே இருக்கும்.

8. வாய்க்கால் பாசனம் உள்ளவர்களுக்கு மட்டும்

கியூசெக் என்றால் நொடிக்கு ஒரு கன அடி. 28.3 எல்.பி.எஸ்., ஏறத்தாழ 1,700 எல்.பி.எம். நம் 100 எல்.பி.எம். மோட்டார் பதினேழு ஓடினால் ஒரு கியூசெக். ஒரு கியூசெக் தண்ணீர் ஒரு மணி நேரம் ஓர் ஏக்கரில் பாய்ந்தால் கிட்டத்தட்ட சரியாக ஒரு இன்ச் உயரம் நிற்கும். அதே ஒரு இன்ச்சை நம் மோட்டாரில் நிறுத்த 17 மணி நேரம் ஆகும், போர் தண்ணீரில் வாய்க்கால் பாசனம் செய்கிறேன் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

செய்தியில் வரும் டி.எம்.சி. ஓட்டத்தின் அளவு அல்ல, கொள்ளளவு. நூறு கோடி கன அடி. மேட்டூரில் விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் 0.864 டி.எம்.சி. போகும், அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நேரத்தைச் சேர்க்காமல் கியூசெக்கை டி.எம்.சி. ஆக்க முடியாது.

9. காகிதங்கள்

தமிழ்நாட்டில் சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ, ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர்களுக்குத் தாசில்தாரிடமிருந்து சிறு குறு விவசாயி சான்று. சான்றுக்கு இ-சேவையில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், மற்றதெல்லாம் தயாராக இருந்தும் இதற்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். வேலை உத்தரவு வரும் முன் சாமான் வாங்கிவிட்டால் மானியத்தில் சேராது.

இதோடு நீங்களே ஒரு தாள் தயார் செய்யுங்கள். போர் ஊற்று, மோட்டாரின் ஹெட்டும் டிஸ்சார்ஜும், பிரிவுகளின் எண்ணிக்கை, எல்லாம் எல்.பி.எம்.மில். டிசைன் போட வருபவரிடம் முதலில் இதைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் மோட்டாரின் எச்.பி.யை மட்டும் கேட்டு ஒரு குத்துமதிப்பான எண்ணைப் போட்டுக்கொள்வார், எங்களுக்கு வந்த முதல் டிசைன் அப்படித்தான் வந்தது, ஒரு பிரிவுக்கு மோட்டாரால் தர முடியாத தண்ணீரைப் போட்டிருந்தார்கள்.

10. செலவும் நேரமும்

அளப்பதற்கு டிரம் விலை தவிர ஒன்றும் ஆகாது. நாட்ச் வைத்து அளக்கத் தனிக் கூலியா, கம்ப்ரஸர் கூலியிலேயே சேர்த்தியா என்று லாரி வரும் முன்பே பேசிவிடுங்கள், லாரி கிளம்பிய பிறகு கூப்பிட்டால் வர மாட்டார்கள். தப்பான மோட்டாரை இறக்கிவிட்டால் திரும்பத் தூக்குவதற்கும் இறக்குவதற்கும் ஆள் கூலி, வண்டி வாடகை இரண்டு முறை. சீல் பிரித்த மோட்டாரைக் கடையில் முழு விலைக்குத் திரும்ப எடுப்பது அரிது.

இலவச மின்சாரம் இல்லாதவர்கள் இன்னொரு கணக்கும் போடுங்கள். 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் மணிக்குச் சுமார் 5 யூனிட் இழுக்கும். 100 எல்.பி.எம். வந்தால் ஆயிரம் லிட்டருக்கு 0.8 யூனிட். டிரம்மில் அளந்தது 60 எல்.பி.எம். தான் என்றால் 1.4 யூனிட்.

11. மாட்டிய பிறகு

பில்டரைத் தாண்டி ஒரு வாட்டர் மீட்டர் வைத்தால் தினமும் டிரம் தூக்க வேண்டாம். மீட்டர் கன மீட்டரில் ஓடும், கருப்பு எண்கள் முழுக் கன மீட்டர், சிவப்பு எண்கள் அதன் பின்னம். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை படியுங்கள், வித்தியாசத்தை 100-ஆல் பெருக்கினால் எல்.பி.எம். ஒரு கன மீட்டர் ஓடியிருந்தால் 100 எல்.பி.எம்.

முதல் நாள் எண்ணையும் தேதியையும் ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவுக்குள் பக்கம் பெயின்ட் மார்க்கரில் எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை அதே வால்வைத் திறந்து அளங்கள். தண்ணீர் குறைந்து பில்டருக்கு முன் உள்ள கேஜில் அழுத்தம் ஏறியிருந்தால் பில்டரைக் கழுவுங்கள். தண்ணீரும் அழுத்தமும் சேர்ந்தே குறைந்திருந்தால் எங்காவது பைப் உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்படி எதுவும் இல்லையென்றால் போரின் நீர்மட்டமோ பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரோ காரணம், மெக்கானிக்கைக் கூப்பிடும்போது இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.